ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்

மோராக் மெக்இன்னிஸ் தன் வீட்டில் நடன விருந்து வைத்த சனிக்கிழமையன்று, வந்தவர்களில் நாற்பது பேருக்குக் குறையாமல் அவள் கூடத்து உட்கூரையில் போய் ஒட்டிக்கொண்டார்கள். ஒரே ஒருவனைத் தவிர மற்றவர்களெல்லாம் அன்றைக்கே இறங்கிவிட்டார்கள். அந்த ஜூன் மாதத்தில் எங்கள் க்ளென் டோராக்கில் நடந்த மற்ற விசேஷங்கள் என்று பார்த்தால், சிங்கி இறால் விலை விழுந்தது, பாதிரியாருக்குப் பல்லில் சீழ் வைத்தது, பாலத்துக்குப் பக்கத்தில் காணாமல்போன கன்றுக்குட்டி ஒன்று தானாகவே திரும்பி வந்தது. மூளையைக் கணுக்காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு பிறந்த ஊர் இது. கேப் பிரெட்டன் தீவின் மேற்குக் கரையில், கடலுக்கும் மலைக்கும் நடுவே, இப்படிப்பட்ட ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. முட்டாள்தனத்தில் ஒன்றுக்கொன்று இளைத்ததில்லை.

எங்கள் ஊரில் ஆட்டம் என்றால் அது சமையலறை ஆட்டம்தான். சனிக்கிழமை சாயங்காலம் எஃபி காம்ப்பெல் வீட்டுச் சமையலறை மேசையைத் தூக்கி முற்றத்தில் போடுவார்கள். அடுப்புப் பக்கத்தில் ஒரு நாற்காலி, அதில் பிடில்காரர். ஏற்பாடு அவ்வளவுதான். யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டால்தான் சந்தேகப்படுவோம். இந்த நாட்டில் சேற்றுக்கும் பனிக்கும் பயந்து யார் வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிடுவது வழக்கம். சனிக்கிழமை ஆட்டத்துக்கு மட்டும் அந்தச் சட்டம் செல்லாது. குதிகாலில் லாடம் அடித்த ஆட்ட ஷூவோடு பின்கதவு வழியாக வந்து நேரே தரையில் இறங்க வேண்டியதுதான். கை இரண்டும் செத்த கோழி மாதிரி தொங்கும். முகம் பிரசங்கம் கேட்கிற முகமாக இருக்கும். முழங்காலுக்குக் கீழேதான் மனிதன் உயிரோடு இருப்பான். கால் தரையை அடிக்க வேண்டும், தரை காலைத் திருப்பி அடிக்க வேண்டும், அலமாரியில் கோப்பைகள் குதிக்க வேண்டும். ஒருவன் நன்றாக ஆடுகிறானா என்று தெரிந்துகொள்ள நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்போம். இதற்கு மேல் எங்களிடம் கலை, அறிவு என்று எதையும் யாரும் எதிர்பார்க்கக் கூடாது. யாருமே ஆடாத தரையுள்ள வீட்டை ஊமை வீடு என்போம். ஊமை வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். ஊமை வீட்டில் சாவு விழுந்தால் தூக்க வருகிறவர்கள்கூட ஆற அமர வருவார்கள். இதில் நியாயம் ஒன்றும் கிடையாது, ஆனால் பழக்கம் அதுதான்.

மோராக்கின் வீடு ஊமை வீடு. ஊரில் மூன்று மோராக்குகள் இருந்ததால் ஒருத்தி கடைக்கார மோராக், ஒருத்தி இருமல் மோராக், இவள் மெழுகு மோராக். எங்களில் பாதிப்பேருக்கு ஒரே பெயர், அதனால் பட்டப்பெயர் இல்லாவிட்டால் சவப்பெட்டியில்கூட ஆள் மாறிவிடும். இவள் கூடத்துத் தரை மேப்பிள் பலகை. அதற்கு வாரம் இரண்டு தரம் மெழுகு போடுவாள், முழந்தாளிட்டுத் தேய்ப்பாள், எழுந்து தள்ளிப்போய் நின்று பார்ப்பாள், மறுபடி முழந்தாளிடுவாள். தேவாலயத்தில்கூட அவள் அவ்வளவு நேரம் முழந்தாளிட்டு யாரும் பார்த்ததில்லை. எதிரே வருகிறவர்களின் முகத்தை அவள் பார்க்கவே மாட்டாள். காலைத்தான் பார்ப்பாள். யார் எந்தச் சேற்றை மிதித்து வந்திருக்கிறார்கள், யார் குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதுதான் அவளுக்கு மனிதர்களைப் பற்றித் தெரிந்த ஒரே விஷயம். ஊரில் பலரின் முகம் அவளுக்குத் தெரியாது, ஷூ தெரியும். இப்படியும் ஒரு பிறவி.

அவள் புருஷன் லாக்கி கல்யாணத்துக்கு முன்னால் இடிகால் லாக்கி. அவன் ஆடினால் எஃபி வீட்டு அடுப்புக் குழாயிலிருந்து கரி உதிரும். கல்யாணமான முதல் குளிர்காலத்தில், பாட்டரி ரேடியோவில் பிடில் கேட்டது என்று அந்தப் புது மேப்பிள் தரையில் ஒரே ஒரு பாட்டுக்கு ஆடிவிட்டான். தரையில் பிறை பிறையாகக் குதிகால் தடம் விழுந்தது. மோராக் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அவன் மாட்டுக்கு வைக்கோல் போடப் போன நேரம் பார்த்து அந்த ஷூ இரண்டையும் அடுப்புக்குள் போட்டு மூடியை வைத்துவிட்டாள். தோல் பொசுங்குகிற நாற்றம் பாலம் வரைக்கும் வந்தது. லாக்கியும் ஒன்றும் கேட்கவில்லை. வாயைத் திறக்காமலிருப்பதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்கிற ஆண்கள் எங்கள் ஊரில் அதிகம். பாதி நேரம் அது வெறும் சோம்பல்தான். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு எஃபி வீட்டுக்குப் போவான், விறகுப் பெட்டிமேல் உட்கார்வான், இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்து அழுத்திக்கொள்வான், ஆட்டம் முடிந்ததும் எழுந்து போவான். ஒரு தரம்கூட ஆடியதில்லை. மோராக் வீட்டில் தனியாக உட்கார்ந்து மெழுகு போடுவாள். இடிகால் லாக்கி என்ற பெயர் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, அவனும் மெழுகு லாக்கி ஆகிவிட்டான். இப்படியே இரண்டு பேரும் ஐம்பது வயதைத் தொட்டார்கள்.

ஊருக்கு மின்சாரம் வந்த மறுவருடம், கூட்டுறவுக் கடையில் மாவு மூட்டைக்கு அந்தப் பக்கம் மோராக் நிற்பது தெரியாமல் எஃபி வாயை விட்டாள். தெரிந்திருந்தாலும் விட்டிருப்பாள்.

“அந்த மெழுகு மோராக் வீட்டுக் கூடத்த நாம பாக்கணும்னா ஒரே வழிதான் இருக்கு. லாக்கி சாவணும். அன்னிக்குத்தான் உள்ள விடுவா. அன்னிக்கும் பொணத்துக் காலத் தொடச்சுட்டுத்தான் தூக்கச் சொல்லுவா.”

கடையே சிரித்தது. மோராக் மாவு வாங்காமலே வீட்டுக்குப் போய்விட்டாள். விஷயம் என்னவென்றால் அந்தப் பேச்சு பொய்யில்லை, அது அவளுக்கும் தெரியும். ஒருநாள் அவனை அந்தத் தரைமேல் தூக்கிக்கொண்டு போவார்கள், அதுவரைக்கும் ஒரு சனிக்கிழமைகூட அவன் தன்னோடு வீட்டில் இருந்திருக்க மாட்டான். செத்துப்போவதற்குள் ஒரே ஒரு சனிக்கிழமை, அவன் இந்த வீட்டில், தன் கண் முன்னால் ஆட வேண்டும். அதைத்தான் அவள் விரும்பினாள். நேராகப் போய், “என்னை மன்னிச்சுரு, ஆடு” என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். அதைச் செய்ய எங்கள் ஊரில் யாருக்கும் துப்புக் கிடையாது, இவளுக்கு மட்டும் எங்கிருந்து வரும்? அதனால் ஊரையே கூட்டுவது என்று முடிவெடுத்தாள்.

பாஸ்டனில் இருந்த தங்கை அனுப்பும் பழைய பெண்கள் பத்திரிகை ஒன்றில், வீட்டில் கலகலப்பான நடன விருந்து வைப்பது எப்படி என்று நான்கு பக்கம் போட்டிருந்தார்கள். மோராக் அதை வேதமாக எடுத்துக்கொண்டாள். அழைப்பு அட்டை வேண்டும் என்றிருந்தது. அட்டை வாங்கி, பொன்னிற ஓரம் போட்டு, வீட்டுக்கு வீடு தபாலில் அனுப்பினாள். நாற்பதடி தள்ளியிருக்கிற எஃபி வீட்டுக்கும் தபாலில்தான். மாலை ஏழு மணிக்குத் தொடக்கம், ஒன்பதரைக்கு முடிவு, முன்கதவு வழியாக வரவும், ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும். முன்கதவு வழியாக எங்கள் ஊரில் போக்குவரத்து உள்ளவர்கள் இரண்டே பேர்தான்: பாதிரியாரும் பிணமும். அந்தக் கதவு பல வருஷம் திறக்காமல் ஊதிப்போய், லாக்கி கடப்பாரை வைத்துத்தான் நெம்ப வேண்டியிருந்தது.

அட்டையைப் படித்துவிட்டு எஃபி நடுரோட்டில் நின்று கத்தினாள்.

“ஷூவக் கழட்டிட்டு ஆடணுமாம்டி! அதுக்கு எதுக்கு ஆடணும்? படுத்துத் தூங்கலாமே!”

பிடில்காரர் பசு ஹியூயி, பசுவை விற்றுப் பிடில் வாங்கியதால் அந்தப் பெயர், அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “முடிவு ஒன்பதரைன்னு போட்டுருக்கா. நான் சுதி சேக்கறதுக்கே அவ்ளோ நேரம் ஆவுமே” என்றார். ஆனால் எல்லாரும் போனோம். மரியாதைக்காகப் போனோம் என்று பின்னால் சிலர் சொன்னார்கள், சுத்தப் பொய். அந்தத் தரையைப் பார்த்துவிட்டு வந்து மாதக்கணக்கில் சிரிக்கலாம் என்றுதான் போனோம். நல்ல எண்ணத்தோடு ஒருவர் போயிருந்தாலும் நான் எழுதியிருப்பேன்.

ஏழு மணிக்கு வெயில் இன்னும் கடல்மேல் நின்றது. முன்கதவுக்கு வெளியே ஷூக்கள் ஒரு குவியலாகக் கிடந்தன. எல்லாம் ஆட்ட ஷூக்கள், எல்லாம் கறுப்பு, எல்லாம் கூட்டுறவுக் கடை வரவழைத்த ஒரே ரகம். கழற்றிப்போட்டுவிட்டு ஊரே காலுறையோடு உள்ளே போனது. பாதிக் காலுறையில் கட்டைவிரல் எட்டிப்பார்த்தது. மோராக் வாசலில் நின்று, வருகிறவர்களின் காலைப் பார்த்துக் காலிடமே நல்வரவு சொன்னாள். கூடத்தில் காகிதத் தோரணம். பத்திரிகையில் இருந்தபடி ஓரம் வெட்டிய முட்டை சாண்ட்விச், ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் பழத்துண்டு மிதக்கும் சிவப்புத் தண்ணீர். ஆண்கள் அதை முகர்ந்து பார்த்து, உள்ளே ஒன்றும் கலக்கவில்லை என்று தெரிந்ததும் செத்தவீட்டு முகம் வைத்துக்கொண்டார்கள். பசு ஹியூயி மட்டும் ஷூவைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். காலால் தாளம் தட்டாமல் தனக்கு வில் ஓடாது என்றார். மோராக் யோசித்து, ஒரு கம்பளியை நாலாக மடித்து அவர் காலுக்கடியில் வைத்தாள். லாக்கி கழுத்துப்பட்டை கட்டி, வெள்ளைக் காலுறையோடு, தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி சுவரோரம் உட்கார்ந்திருந்தான். கை இரண்டும் முழங்கால்மேல்.

ஹியூயி தொடங்கினார். நான்கு நான்கு பேராகத் தரையில் இறங்கினோம். கால் அடித்தது, சத்தம் வரவில்லை. பூனைகள் ஊர்வலம் போகிற மாதிரி ஒரு சரசரப்பு, அவ்வளவுதான். ஹியூயியின் தாளமும் கம்பளிக்குள் புதைந்துபோனது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சப்பட்டோம். எஃபி வாயைப் பொத்திச் சிரித்தாள். மோராக்குக்கு மட்டும் எல்லாம் பிரமாதமாகப் போவதாக எண்ணம். அவள் லாக்கியிடம் போய் நின்றாள்.

“நீ ஆடலையா?”

“எதப் போட்டுக்கிட்டு?” என்றான்.

“எல்லாரும் காலுறையோடதான ஆடுறாங்க. எந்திரி. உனக்காகத்தான் இவ்ளோவும்.”

அவன் அவளை ஒரு முறை பார்த்தான். பிறகு எழுந்து, நடுக்கூடத்துக்கு வந்து, ஆடினான். அத்தனை வருஷம் விறகுப் பெட்டியில் அழுத்திவைத்த காலா அது என்று எஃபியின் சிரிப்பே நின்றுவிட்டது. முதல் பாட்டில் ஒரு சாண் எழும்பினான். இரண்டாவது பாட்டில் எங்கள் தோளுக்கு வந்தான். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை என்று வாய்வார்த்தையாகச் சொல்வார்கள்; அவனுக்கு மெய்யாகவே பாவவில்லை. நாங்களும் அவனைப் பார்த்து வேகமெடுத்தோம், நாங்களும் எழும்பினோம். இதற்கு விளக்கம் கேட்டுப் பிற்பாடு ஒரு கல்லூரிக்காரர் வந்தார். தரை திருப்பி அடித்தால்தான் ஆள் கீழே நிற்பான், அடிக்காத தரை யாரைப் பிடித்துவைக்கும் என்று சொன்னோம். எழுதிக்கொண்டு போனார்.

ஹியூயி கண்ணை மூடி வாசிக்கிறவர். சரசரப்பும் நின்றுபோனது கேட்டுக் கண்ணைத் திறந்தால் எதிரே வெறும் தரை. நிமிர்ந்து பார்த்தால் ஊரே கூரையில். வாசிப்பதை நிறுத்தினார். நிறுத்தினால் விழுந்துவிடுவார்கள் என்று நினைத்திருப்பார், ஒருவரும் விழவில்லை. முதுகு கூரையில் ஒட்ட, கால் தொங்க, அந்தரத்தில் நின்றோம். பெண்கள் பாவாடையை முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டார்கள். கிழவர்கள் கேலிக் மொழியில் வைதார்கள். எங்கள் பாட்டன்கள் கப்பலில் கொண்டுவந்த சொத்து அந்த மொழி ஒன்றுதான், அதில் பாதி வசவு. ஹியூயி ஒருவரின் காலைப் பிடித்து இழுத்தார். அந்த ஆள் இழுத்த வரைக்கும் வந்து, விட்டதும் தண்ணீருக்குள் அமுக்கிய பூசணிக்காய் மாதிரி மேலே போய்விட்டார்.

“அடி மோராக்கு!” என்று எஃபி மேலிருந்து அலறினாள். “ஊரக் கூப்பிட்டு அந்தரத்துல தொங்க விட்டுட்டியேடி! என் ஷூவக் குடு, நான் வீட்டுக்குப் போறேன்!”

வீட்டுக்குப் போக ஷூ கேட்டாள் அந்த மகராசி, கூரையில் இருந்துகொண்டு. ஆனால் அந்த அசட்டுத்தனத்தில்தான் வழி பிறந்தது. ஹியூயி குவியலிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து வீசினார். எஃபி மாட்டிக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. “இது என்னுது இல்ல, கடிக்குது” என்றாள். இன்னொரு ஜோடி வீசினார். அதுவும் கடித்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் என்னுது, என்னுது என்று கூரையிலிருந்து கை நீட்டினோம். எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே ரகம். ஹியூயி குவியல் முன்னால் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

அப்போது மோராக் குனிந்து ஒரு ஜோடியை எடுத்தாள். உள்பக்கம் தேய்ந்த குதிகாலை விரலால் தடவினாள். “எஃபி” என்றாள். அதைத் துணிக்கொடியைத் தூக்கி நிறுத்தும் கவைக்கம்பின் நுனியில் மாட்டி மேலே நீட்டினாள். எஃபி காலை நுழைத்த கணமே தொம்மென்று தரையில் வந்து விழுந்தாள், இரண்டு குதிகாலும் லாடத்தோடு மேப்பிள் பலகையில் இறங்கின. பலகையில் நகம் புதையும் ஆழத்துக்கு இரண்டு பிறை.

மோராக் அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குவியல் அவள் காலடியில் கிடந்தது, அது யார் யாருடையது என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஒவ்வொரு ஜோடிக்கும் அவள் தரையில் இரண்டு பள்ளம். எனக்கு அவளைத் தெரியும், இப்படியே கதவைச் சாத்திக்கொண்டு போய்ப் படுத்தாலும் படுப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் கூரையைப் பார்த்தாள், அத்தனை தலைகளின் எண்ணெயும் வெள்ளைச் சுண்ணாம்பில் திட்டுத் திட்டாக இறங்குவதைப் பார்த்தாள். எல்லாருக்கும் பின்னால், மூலையில் இருந்த லாக்கியைப் பார்த்தாள். எதைப் பார்த்து மனசு மாறினாளோ, குனிந்து அடுத்த ஜோடியை எடுத்தாள். “முன்பக்கம் ஒட்டுப்போட்டது. பாலத்துக்கிட்ட இருக்கறவன். உம் பேரு என்ன?” என்றாள். முப்பது வருஷமாகப் பக்கத்து நிலத்துக்காரன் அவன். ஒரு ஜோடியைக்கூட அவள் தப்பாகக் கொடுக்கவில்லை. அவரவர் அவரவர் ஷூவில் கால் நுழைத்து, தொம் தொம்மென்று ஊரே ஆலங்கட்டியாக விழுந்தது.

உயிரோடு இறங்கிய சந்தோஷத்தில் யாரோ குதிகாலைத் தட்டினார்கள். தரை திருப்பித் தட்டியது. ஹியூயி கம்பளியைக் காலால் எற்றி மூலைக்குத் தள்ளிவிட்டு வில்லை எடுத்தார். அப்புறம் நடந்ததுதான் ஆட்டம். கண்ணாடிக் கிண்ணம் நடந்து நடந்து மேசை விளிம்புக்குப் போய்த் தரையில் குதித்தது. தோரணம் அறுந்தது. அடுப்புக் குழாயிலிருந்து கரி உதிர்ந்து ஓரம் வெட்டிய சாண்ட்விச்சுகளின்மேல் விழுந்தது, அதையும் தின்றோம். அந்த வீடு அன்றைக்கு வாய் திறந்தது. ஒன்பதரை மணி எப்போது வந்தது, எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது.

வாசலில் ஒரு ஷூகூட மிச்சமில்லை. லாக்கி மட்டும் மூலையில், கூரையில். அவனுடைய ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்து நீட்டினார்கள், போட்டுக்கொண்டான், அசையவில்லை. வீட்டுச் செருப்பும் அப்படியே. கூட ஆடிப் பழகாத ஷூ எதுவும் காலை இறக்காது என்று அதற்குள் எங்களுக்கே புரிந்துவிட்டது.

“உன் ஆட்ட ஷூ எங்கடா?” என்று ஹியூயி மேலே பார்த்துக் கேட்டார்.

மோராக்தான் சொன்னாள். ஊரே கேட்க, நடுக்கூடத்தில் நின்று சொன்னாள்.

“நான் அடுப்புல போட்டுட்டேன்.”

“தெரியும்” என்றான் லாக்கி. கோட்டின் உள்பைக்குள் கையை விட்டான். “மறுநாள் சாம்பல் அள்ளுனது நான்தான். இதான் மிச்சம்.” கையை விரித்தான். லாடமும் ஆணிகளும் சடசடவென்று அவள் காலடியில் உதிர்ந்தன. மோராக் அவற்றைப் பொறுக்கினாள். தேவாலயத்துக்கு வெளியே அவள் முழந்தாளிட்டு நாங்கள் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். அழுதாள், முகத்தை மறைக்கக்கூட இல்லை. எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் தேநீர் போட்டோம்.

லாக்கி அதற்குப் பிறகு கூரையில்தான் இருந்தான். சாப்பாடு கவைக்கம்பில் போகும், தட்டு கயிற்றில் வரும். கட்டிலைத் தலைகீழாக ஆணியடிக்கலாமா என்று ஒரு தச்சன் யோசனை சொன்னான், லாக்கி தேவையில்லை என்றுவிட்டான். பாதிரியார் பல் சீழ் ஆறியதும் வந்து பார்த்து, ஏணிமேல் நின்று நற்கருணை கொடுத்தார். தீர்ப்பு கேட்டு மேலிடத்துக்கு எழுதினார், எந்தச் சட்டத்திலும் இதற்குத் தடை இல்லை என்று பதில் வந்தது. பட்டணத்திலிருந்து புது ஷூ வரவழைத்தார்கள். கூரையில் உதைத்து ஆடிப் பழக்கிக்கொள், நாளானால் அது உன்னை இறக்கிவிடும் என்று ஹியூயி சொன்னார். லாக்கி அதை வாங்கவே இல்லை.

“வேணாம் ஹியூயி. இங்க மெழுகு நாத்தம் இல்ல” என்றான். மோராக் அடுப்பங்கரையில் இருந்தாள், காதில் விழுந்தது. அன்றைக்கே மெழுகு டப்பாக்களை எல்லாம் கொண்டுபோய்க் கொல்லையில் புதைத்தாள்.

சனிக்கிழமை ஆட்டம் எஃபி வீட்டிலிருந்து மோராக் வீட்டுக்கு மாறியது. தரைதான் ஏற்கனவே குட்டிச்சுவர் ஆகிவிட்டதே, இனி என்ன என்று எல்லாருக்கும் துணிச்சல். நாங்கள் கீழே ஆடுவோம், அவன் மேலே ஆடுவான், சத்தமே இல்லாமல். மெழுகு லாக்கி என்ற பெயர் போய் மேலே லாக்கி என்று ஆனது. இடிகால் என்ற பழைய பெயரைத் திருப்பிக் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. சத்தம் வராத காலை யார் இடிகால் என்பார்கள்? இப்படிப்பட்ட விஷயங்களில் மட்டும் எங்கள் ஊர் நியாயம் பார்க்கும்.

மோராக் அந்த லாடத்தையும் ஆணிகளையும் செருப்புத் தைக்கிறவனிடம் கொடுத்துத் தன் அளவில் ஒரு ஜோடி செய்துகொண்டாள். ஐம்பது வயதுக்கு மேல் ஆட்டம் கற்க இறங்கினாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவள் கூடம் நூல் பிடித்த மாதிரி நேர், எந்தக் குறையும் சொல்ல வழியில்லை, காலில்தான் கோணல். எருமை பலகைப் பாலத்தைக் கடக்கிற மாதிரி இருந்தது. நாங்கள் சிரித்தோம். எஃபி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் நிறுத்துவாள் என்று பார்த்தோம், நிறுத்தவில்லை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, ஊர் பார்க்க, அந்தப் பழைய ஆணிகளால் தன் தரையைத் தானே குத்திக்கொண்டிருந்தாள். குளிர்காலங்கள் போயின. எஃபி சிரித்து அலுத்து, கடைசியில் பொறுக்கமாட்டாமல் எழுந்துவந்து, “இந்தக் கால இப்படி வைடி, பாக்க சகிக்கல” என்று காட்டிக்கொடுத்தாள். அவள் ஆடும்போது மட்டும் மேலே லாக்கி ஆடாமல் நின்று கேட்டான், கண்ணை மூடிக்கொண்டு.

ஒரு அக்டோபர் மாதச் சனிக்கிழமை, மரமெல்லாம் சிவந்து கிடந்த சாயங்காலம், மோராக் கூடத்து வாசலில் நின்று ஷூவைக் கழற்றினாள். சேர்த்துச் சுவரோரம் வைத்தாள். இடுப்பில் ஒரு தூசித்துணியைச் செருகிக்கொண்டு நடுத்தரைக்கு வந்தாள். ஹியூயி யாரும் சொல்லாமலே வாசித்தார். நாங்கள் விலகிக்கொண்டோம். முதல் பாட்டு முழுக்க ஒன்றுமில்லை. இரண்டாவதும் வீண். எஃபி, “போதும்டி, மூச்சு வாங்குது உனக்கு, உக்காரு” என்றாள். மூன்றாவதில் நாற்காலி உயரம் வந்தாள். பிறகு மேசை உயரம். விளக்குக்குப் பக்கத்தில் தடுமாறினாள், அங்கேயே நின்றுவிடுவாள் போலிருந்தது. லாக்கி மூலையிலிருந்து நகர்ந்து வந்து, கூரையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, இன்னொரு கையை நீட்டினான்.

மோராக் கையைப் பிடிப்பதற்கு முன்னால் கூரையைத்தான் பார்த்தாள். பிறவிக்குணத்தை எங்கே கொண்டுபோய்ப் புதைக்க?

“அய்யய்யோ லாக்கி, என்ன இது, இத்தன ஒட்டட! இதுக்குள்ளயா இவ்ளோ நாளா இருந்த?” என்று இடுப்பிலிருந்து துணியை உருவினாள்.

லாக்கி அதை அவள் கையிலிருந்து வாங்கி, மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான். “ஆட வந்தியா, தொடைக்க வந்தியா?” என்றான்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அதற்கும் யோசித்தாள். பிறகு ஆடினாள். கேட்பதற்கு ஒன்றும் இல்லாததால் நாங்கள் எல்லாரும் கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தோம்.

பாட்டு முடிந்ததும் எஃபி வாசலுக்குப் போய் அந்த ஷூவை எடுத்துக் கவைக்கம்பில் மாட்டி நீட்டினாள், மோராக் இறங்கி வந்து தேநீர் போட்டாள். இப்போதெல்லாம் சனிக்கிழமை நடைமுறை அதுதான். அவன் பையிலிருந்து துணி திரும்பி வரவில்லை, அவளும் கேட்கவில்லை. வெளியூர்க்காரர்கள் வந்தால் அண்ணாந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். வாயை மூடிக்கொண்டு ஆடுங்கள், மேலே இரண்டு பேர் ஆடுகிறார்கள், ஒட்டடை விழும் என்று சொல்லிவிடுவோம்.